அரசுக் கொள்முதலில் சிறுதொழில் முன்னுரிமை மீதான வழக்குகள் (இந்தியா)

அரசுக் கொள்முதலில் சிறுதொழில் முன்னுரிமை மீதான வழக்குகள் என்பவை, இந்தியாவில் அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தமக்கு வேண்டிய பொருள்களை வாங்கும்போது சிறுதொழில் நிறுவனங்களுக்கு அளிக்கும் சலுகைகளைச் சுற்றி எழுந்த வழக்குகளாகும். இவை இரு வகைப்படும். ஒன்று, சலுகை கிடைக்காதவர்கள் அச்சலுகையே சமத்துவத்துக்கு மாறானது என்று கூறித் தொடுப்பது. மற்றொன்று, சலுகைக்கு உரிய சிறுதொழில் முனைவோர், சட்டம் கொடுத்ததை ஒப்பந்தப்புள்ளி நிபந்தனைகள் பறித்துவிடுகின்றன என்று கூறித் தொடுப்பது. முதல் வகை வழக்குகளில் நீதிமன்றங்கள் பெரும்பாலும் அரசின் பக்கமே நின்றுள்ளன. இரண்டாம் வகையில் எழும் கேள்விக்கு, அதாவது முன்னுரிமை என்பது அரசு விரும்பினால் தரும் சலுகையா, அல்லது தந்தே ஆகவேண்டிய கடமையா என்ற கேள்விக்கு, உச்சநீதிமன்றம் 2025 ஆம் ஆண்டிலேயே விரிவாக விடையளித்தது.

பின்னணி

விடுதலைக்குப் பின் சிறுதொழில்களை வளர்க்க நடுவண் அரசு எடுத்த முதல் முயற்சிகளில் அரசுக் கொள்முதலும் ஒன்று. 1955 இல் தேசிய சிறுதொழில் கழகம் நிறுவப்பட்டது. அரசின் கொள்முதல் ஆணைகளைப் பெற்றுச் சிறு நிறுவனங்களுக்குச் சேர்ப்பது அதன் தொடக்க காலப் பணிகளுள் ஒன்றாகும். காலப்போக்கில் சில பொருள்களைச் சிறுதொழில்களிடம் மட்டுமே வாங்கவேண்டும் என்ற பட்டியல் உருவாயிற்று. பிற்காலத்தில் 358 பொருள்கள் கொண்டதாக நிலைபெற்ற இப்பட்டியலில் முள்கம்பி, வாளி, துடைப்பம், குடை, அஞ்சலக எடைக்கருவி போன்ற எளிய பொருள்களோடு, குறிப்பிட்ட அளவு வரையிலான மின்கடத்திக் கம்பிகளும் இடம்பெற்றன.

இக்கொள்முதல் பட்டியலை, சிறுதொழில்களுக்கான உற்பத்தி ஒதுக்கீட்டுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. நாளிதழ்ச் செய்திகளில்கூட இவ்விரண்டும் ஒன்றாகக் கலந்து எழுதப்படுவதுண்டு. உற்பத்தி ஒதுக்கீடு என்பது, குறிப்பிட்ட பொருளைப் பெரிய நிறுவனங்கள் புதிதாக உற்பத்தி செய்யவே தடை விதிப்பது. இது 1967 இல் 47 பொருள்களுடன் தொடங்கிப் பின்னர் 800 பொருள்களுக்கு மேல் விரிந்தது. 1997 இல் ஆபித் உசேன் குழு இதனைக் கைவிடுமாறு பரிந்துரைத்தது. ஒதுக்கீடு படிப்படியாக நீக்கப்பட்டு, சிவகாசியின் தீப்பெட்டியும் பட்டாசும் உள்ளிட்ட கடைசி 20 பொருள்களும் 2015 ஏப்ரலில் விடுவிக்கப்பட்டன. கொள்முதல் ஒதுக்கீடு அவ்வாறு நீங்கவில்லை. பொருளை யாரும் செய்யலாம், ஆனால் நடுவண் அரசுக்கு விற்கச் சிறுதொழிலாக இருக்கவேண்டும் என்ற நிலை இப்பட்டியலில் உள்ள பொருள்களுக்குத் தொடர்கிறது.

விலைச் சலுகையும் கொள்முதல் முன்னுரிமையும்

வழக்குகளைப் புரிந்துகொள்ள, சலுகையின் வடிவம் மாறிவந்ததை அறிவது தேவை. முன்னர் இருந்தது விலைச் சலுகை. பெரிய நிறுவனம் ஒரு பொருளுக்கு 100 ரூபாய் கேட்டு, சிறுதொழில் நிறுவனம் 112 ரூபாய் கேட்டால், அரசு அந்த 112 ரூபாயையே கொடுத்து வாங்கலாம். 15 விழுக்காடு வரையிலான வேறுபாட்டை அரசுக் கருவூலம் ஏற்றுக்கொண்டது. இது நிருவாக அறிவுறுத்தல்களின் அடிப்படையில் நடந்ததேயன்றி, தனிச் சட்டத்தின் கீழ் அன்று.

2012 முதல் நடப்பில் உள்ள முறை வேறு. அதே எடுத்துக்காட்டில், 112 ரூபாய் கேட்ட சிறு நிறுவனம் தன் விலையை 100 ரூபாய்க்குக் குறைத்துக்கொள்ள இசைந்தால், மொத்தக் கொள்முதலில் ஒரு பகுதி அதற்கு அளிக்கப்படும். 15 விழுக்காடு என்ற எண் அப்படியே இருந்தாலும் அதன் பொருள் மாறிவிட்டது. முன்பு அது அரசு கூடுதலாகத் தரும் தொகையின் எல்லை. இப்போது அது சிறு நிறுவனம் விட்டுக்கொடுத்துப் போட்டியில் நீடிக்கக்கூடிய இடைவெளியின் எல்லை. அரசுக்கு இதில் கூடுதல் விலைச் செலவு இல்லை என்பதால், "பொதுப்பணம் வீணாகிறது" என்ற வாதத்தின் வலு பெரிதும் குன்றியது.

அரசியலமைப்பு அடிப்படை

முன்னுரிமையை எதிர்ப்போர் வழக்கமாக இரண்டு பிரிவுகளைச் சுட்டுவர். பிரிவு 14 சட்டத்தின்முன் சமத்துவத்தையும், பிரிவு 19(1)(எ)-இன் வரிசையில் வரும் தொழில் உரிமை உட்பிரிவு எத்தொழிலையும் செய்யும் உரிமையையும் தருகின்றன. ஆதரிப்போர், ஊர்ப்புறங்களில் குடிசைத் தொழில்களை வளர்க்க அரசு முயலவேண்டும் என்னும் பிரிவு 43 ஐயும், செல்வம் ஒரிடத்தில் குவிவதைத் தடுக்கக் கூறும் பிரிவு 39 ஐயும் காட்டுவர். இவை நெறிமுறைக் கோட்பாடுகளாதலால் இவற்றை மட்டும் கொண்டு வழக்குத் தொடர இயலாது. ஆயினும் ஒரு வகைப்பாடு நியாயமானதா என ஆராயும்போது நீதிமன்றங்கள் இவற்றைக் கருத்தில் கொள்கின்றன. சிறியோரையும் பெரியோரையும் வேறுவேறாக நடத்துவது பிரிவு 14 க்கு முரணாகாது, வகைப்பாட்டுக்கும் நோக்கத்துக்கும் தொடர்பு இருந்தால் போதும் என்பதே பொதுவிதி.

அரசு தன் விருப்பம்போல் யாரிடமும் வாங்கலாம் என்ற பழைய கருத்தை, இரமணா தயாராம் செட்டி எதிர் பன்னாட்டு வானூர்தி நிலைய ஆணையம் (1979) வழக்கு மாற்றியது. பம்பாய் வானூர்தி நிலைய உணவகத்துக்கான ஒப்பந்தம் பற்றிய அவ்வழக்கில், அரசு அமைப்பு தான் வகுத்த தகுதி விதியைத் தானே மீறக்கூடாது என்று நீதிபதி பகவதி தீர்ப்பெழுதினார். அடுத்த ஆண்டே அவர் எழுதிய கஸ்தூரி லால் லட்சுமி ரெட்டி எதிர் சம்மு காசுமீர் மாநிலம் (1980) தீர்ப்பு மறுபக்கத்தைக் காட்டியது. மாநிலத்திலேயே ஆலை அமைக்க முன்வந்த நிறுவனத்துக்குப் பைன் மரப்பிசின் எடுக்கும் உரிமை ஒப்பந்தப்புள்ளி கோராமல் வழங்கப்பட்டிருந்தது. பொதுநலன் சார்ந்த காரணம் இருப்பின், அரசு மிகச்சிறந்த விலையை விட்டுக்கொடுக்கலாம் என்று உச்சநீதிமன்றம் அதனை ஏற்றது. விலைச் சலுகைகளுக்குச் சட்டத் துணையாக அமைந்தது இக்கருத்தே.

தொடர்வண்டிப் போகி வழக்கு

இத்துறையில் மாணவர்கள் தவறாது படிக்கவேண்டிய வழக்கு, இந்திய ஒன்றியம் எதிர் இந்துஸ்தான் டெவலப்மென்ட் கார்ப்பரேஷன் (1993) ஆகும். நியாயமான எதிர்பார்ப்பு என்னும் கோட்பாட்டுக்காகவே இது பெரும்பாலும் மேற்கோள் காட்டப்படுகிறது. எனினும் பெரியோர், சிறியோர் இடையிலான விலை வேறுபாடு குறித்து அது கூறியதும் அதே அளவு முதன்மையானது.

தொடர்வண்டித் துறை சரக்குப் பெட்டிகளுக்காக 19,000 வார்ப்பெஃகுப் போகிகளை வாங்க விரும்பியது. இப்பொருளுக்கு இந்தியாவில் வாங்குபவர் அத்துறை ஒன்றே. விற்பவர்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். அவர்களுள் மூன்று பெரிய நிறுவனங்கள் ஒரே விலையைக் கேட்டன. போகி ஒன்றுக்கு 77,666 ரூபாய் என்று மூவரின் விலையும் ஒரு ரூபாய்கூட மாறாமல் இருந்தது. மற்ற சிறிய உற்பத்தியாளர்கள் கேட்ட விலை அதைவிடக் கூடுதல். மூவரும் கூடிப்பேசிக்கொண்டு, மற்றவர்களைக் களத்திலிருந்து அகற்றவே இவ்வாறு செய்கின்றனர் என்று துறை ஐயுற்றது. பின்னர் இம்மூவரும் இன்னும் குறைந்த விலைக்குத் தர இயலும் என்ற நிலை தெரியவந்தபோது, துறை இரட்டை விலை முறையைக் கையாண்டது. சிறிய உற்பத்தியாளர்களுக்கு 76,000 ரூபாயும், பெரிய மூவருக்கு அதைவிடக் குறைந்த விலையும் அளிக்க முடிவு செய்தது.

ஒரே பொருளுக்கு ஒரே வாங்குநர் இருவேறு விலை தருவது சமத்துவமா என்பதே கேள்வி. மூவரும் கூட்டுச்சதி செய்தனர் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்று உச்சநீதிமன்றம் கூறியது. இருப்பினும், சிறியவர்கள் ஒழிந்துபோனால் எஞ்சும் பெரியவர்கள் விலையைத் தம் விருப்பப்படி ஆட்டிவைக்க இயலும் என்ற அச்சம் பொருளற்றதன்று எனவும், இத்தகைய சூழலில் இரட்டை விலை நியாயமானதே எனவும் முடிவு செய்தது. முந்தைய ஆண்டுகளில் கிடைத்த அளவு ஆணைகள் இம்முறையும் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு, உரிமை ஆகாது என்றும் கூறியது.

இவ்வழக்கில் வந்த சிறிய உற்பத்தியாளர்கள், சட்ட வரையறைப்படியான சிறுதொழில்கள் என்ற முறையில் வாதிடவில்லை. ஆயினும் தீர்ப்பின் காரணம் சிறுதொழில் முன்னுரிமைக்கும் பொருந்துவது. இரக்கத்தால் சிறியவர்களைக் காக்கவேண்டும் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. வாங்குநரின் நலனுக்கே பல விற்பனையாளர்கள் தேவை என்றது. முன்னுரிமையை ஆதரிக்கும் வாதங்களுள் இதுவே பொருளியல் நோக்கில் உறுதியானது எனலாம்.

பிற சலுகைகள் பற்றிய வழக்குகள்

கிருஷ்ணன் கக்கந்த் எதிர் கேரள அரசு (1996) வழக்கில், அரசின் உதவித் திட்டங்களின்கீழ் உழவர்கள் வாங்கும் நீரேற்றிகளைக் குறிப்பிட்ட இரு நிறுவனங்கள் வழியாகவே வாங்கவேண்டும் என்ற சுற்றறிக்கையைத் தனியார் விற்பனையாளர் எதிர்த்தார். தொழில் செய்யும் உரிமை என்பது, அரசு தன்னிடம்தான் வாங்கவேண்டும் என்று கேட்கும் உரிமை அன்று எனக்கூறி உச்சநீதிமன்றம் சுற்றறிக்கையை ஏற்றது.

1999 இல் தீர்க்கப்பட்ட இந்தியன் டிரக்ஸ் அண்டு பார்மாசூட்டிகல்ஸ் எதிர் பஞ்சாப் மருந்து உற்பத்தியாளர் சங்கம் வழக்கும் இதையொத்தது. சில மருந்துகளைப் பொதுத்துறை நிறுவனங்களிடம் மட்டுமே வாங்குவது என்ற மாநிலக் கொள்கை செல்லும் என்று அதில் முடிவாயிற்று. ஒரு முன்னுரிமையைக் காக்கும் அதே கோட்பாடு, வேறொரு முன்னுரிமையால் வெளியே தள்ளப்படும் தனியார் உற்பத்தியாளருக்கு எதிராகவும் நிற்கும் என்பதை இவ்வழக்கு காட்டுகிறது.

2006 ஆம் ஆண்டுச் சட்டமும் 2012 ஆம் ஆண்டு ஆணையும்

குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006 நடைமுறைக்கு வந்தபின் முன்னுரிமைக்குச் சட்ட அடிப்படை கிடைத்தது. இச்சட்டத்தின் 11 ஆம் பிரிவு, நடுவண் அரசும் மாநில அரசுகளும் கொள்முதல் முன்னுரிமைக் கொள்கைகளை ஆணை வழியாக அறிவிக்கலாம் என்கிறது. "அறிவிக்கலாம்" என்ற சொல் கவனிக்கத்தக்கது. "அறிவிக்கவேண்டும்" என்று சட்டம் கூறவில்லை.

இப்பிரிவின்கீழ் நடுவண் அரசு 2012 மார்ச்சில் வெளியிட்ட ஆணை, அவ்வாண்டு ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது. நடுவண் அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் ஆண்டுக் கொள்முதலில் 20 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கவேண்டும் என்று அது கூறியது. இவ்விலக்கு 2015 ஏப்ரல் 1 முதல் கட்டாயமானது. 2018 நவம்பரில் 25 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. இதனுள் பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் நிறுவனங்களுக்கு 4 விழுக்காடும், பெண்களின் நிறுவனங்களுக்கு 3 விழுக்காடும் உள்ளொதுக்கீடாகும். ஒப்பந்தப்புள்ளிப் படிவங்கள் கட்டணமின்றி வழங்கப்படும். முன்வைப்புத் தொகை கட்டத் தேவையில்லை. போர்க்கருவிகள் போன்ற சில பாதுகாப்புத் துறைக் கொள்முதல்கள் விலக்கப்பட்டுள்ளன.

நடுத்தர நிறுவனங்களுக்கு இம்முன்னுரிமை இல்லை. மாநில அரசுகளை இந்த ஆணை கட்டுப்படுத்தாது. மாநிலங்கள் தத்தம் விதிகளைக் கொண்டுள்ளன. தமிழ்நாட்டில் அரசுக் கொள்முதல் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம், 1998 இன்கீழ் நடைபெறுகிறது.

ஒப்பந்தப்புள்ளி நிபந்தனைகள் மீதான வழக்குகள்

முன்னுரிமை காகிதத்தில் இருந்தும் சிறு நிறுவனம் போட்டிக்குள் நுழையவே முடியாமல் போவதுண்டு. "கடந்த மூன்றாண்டுகளில் இத்தனை கோடி ரூபாய் விற்றுமுதல் இருக்கவேண்டும்", "இதற்குமுன் இவ்வளவு எண்ணிக்கை வழங்கியிருக்கவேண்டும்" போன்ற நிபந்தனைகள் இதற்குக் காரணம். விலையைக் குறைத்து இசையும் வாய்ப்பு, விலைப்புள்ளி திறக்கப்பட்டவர்களுக்கே கிடைக்கும். தகுதிச் சுற்றிலேயே விலக்கப்பட்டவருக்கு 25 விழுக்காடும் 15 விழுக்காடும் வெறும் எண்கள்.

இத்தகைய நிபந்தனைகளை எதிர்ப்போர்க்கு நீதிமன்றங்கள் நெடுங்காலம் இடம் தரவில்லை. டாட்டா செல்லுலார் (1994) தீர்ப்பு, ஒப்பந்தப்புள்ளியில் முடிவெடுத்த முறையைத்தான் நீதிமன்றம் ஆராயும், முடிவின் நிறைகுறையை அன்று என்று வரையறுத்திருந்தது. மிச்சிகன் ரப்பர் எதிர் கருநாடக மாநிலம் (2012) வழக்கில், அரசுப் பேருந்துக் கழகத்தின் டயர் கொள்முதலுக்கான தகுதி நிபந்தனைகள், வண்டி உற்பத்தியாளர்களுக்கு நேரடியாக டயர் வழங்கும் சில பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே ஏற்றவாறு வகுக்கப்பட்டவை என்று வாதிடப்பட்டது. பயணிகளின் பாதுகாப்பைக் கருதி அவற்றை வகுக்கக் கழகத்துக்கு உரிமை உண்டு என நீதிபதி சதாசிவம் அமர்வு மனுவைத் தள்ளியது. நிபந்தனைகள் தன்னிச்சையானவை, தீய நோக்குடையவை அல்லது ஒருவருக்காகவே தைக்கப்பட்டவை என்று காட்டினால்தான் நீதிமன்றம் தலையிடும்.

நடுவண் அரசு 2016 மார்ச்சில் வெளியிட்ட சுற்றறிக்கை, தரமும் தொழில்நுட்பத் தேவைகளும் நிறைவேறினால் குறு, சிறு நிறுவனங்களுக்கு முன் அனுபவம், விற்றுமுதல் ஆகிய நிபந்தனைகளைத் தளர்த்தலாம் என்றது. இங்கும் "தளர்த்தலாம்" என்பதே சொல். மருந்து போன்ற பொருள்களில் கொள்முதல் அதிகாரிகள் தளர்த்தத் தயங்குவதற்கும் காரணம் உண்டு. தரங்குறைந்த மருந்து வந்தால் விளைவைச் சுமப்பவர் நோயாளி.

லைஃப்கேர் இன்னோவேஷன்ஸ் எதிர் இந்திய ஒன்றியம் வழக்கு மருந்துத் துறையிலிருந்தே வந்தது. கொழுப்புக் குமிழிகளில் அடைத்துத் தரப்படும் பூஞ்சை எதிர்ப்பு மருந்தை உற்பத்தி செய்யும் சிறு நிறுவனமொன்று, அரசு அமைப்புகளின் ஒப்பந்தப்புள்ளிகளில் உள்ள குறைந்த அளவு விற்றுமுதல் நிபந்தனை 2012 ஆம் ஆண்டு ஆணையைப் பயனற்றதாக்குகிறது என்று உச்சநீதிமன்றத்தை அணுகியது. நீதிபதிகள் நரசிம்மா, மனோஜ் மிஸ்ரா அமர்வு 2025 பிப்ரவரி 25 இல் தீர்ப்பளித்தது.

தீர்ப்பின் முதன்மைக் கூறு, 2012 ஆம் ஆண்டு ஆணை வெறும் வழிகாட்டுதல் அன்று, சட்டத்தின் வலிமை உடையது என்பதாகும். எனினும் தனியொரு நிறுவனம் "எனக்கு இந்த ஆணையைத் தா" என்று கேட்கும் உரிமை அதிலிருந்து பிறக்காது. 25 விழுக்காடு என்பது ஆண்டு முழுமைக்குமான மொத்தக் கொள்முதலுக்குரிய இலக்கு. எந்தவொரு ஒப்பந்தப்புள்ளியிலும் எந்தவொரு நிறுவனத்துக்கும் அது பங்கு ஒதுக்கவில்லை. அதிகாரம் கொண்ட அமைப்புகளுக்குக் கடமையும் உண்டு. அவை செயல்படுகின்றனவா என்பதை நீதிமன்றம் ஆராயும் என்பதே அமர்வு கண்ட இடைவழி. விற்றுமுதல் நிபந்தனையை அது நேரடியாக நீக்கவில்லை. ஆணையின்கீழ் அமைந்த மறு ஆய்வுக் குழு அதனை ஆராய்ந்து உரிய கொள்கையை வகுக்குமாறு பணித்தது. பல சிறு நிறுவனங்களுக்கு இது பாதி வெற்றியே. ஆணை சட்டமாகிவிட்டது, ஆனால் வழக்குத் தொடுத்தவருக்குக் கொள்முதல் ஆணை கிடைப்பதற்கு அது வழியமைக்கவில்லை.

யார் சிறுதொழில்?

பல பூசல்கள் முன்னுரிமையைப் பற்றியல்லாமல், அதைக் கேட்பவர் யார் என்பதைப் பற்றியவை. பழைய தொழில்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டத்தில் 1984 இல் சேர்க்கப்பட்ட 11பி பிரிவு, பெரிய நிறுவனத்தின் உடைமையாகவோ கட்டுப்பாட்டிலோ உள்ள அலகு சிறுதொழில் ஆகாமல் தடுக்க வழி செய்தது. பெரிய நிறுவனங்கள் தம்மைத் துண்டுகளாக்கிக்கொண்டு சலுகை பெறுவதைத் தடுப்பதே இதன் நோக்கம்.

2006 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரையறை பலமுறை மாறியுள்ளது. தொடக்கத்தில் ஆலை, எந்திரங்களில் 5 கோடி ரூபாய்வரை முதலீடு கொண்ட உற்பத்தி நிறுவனமே சிறு நிறுவனம். 2020 சூலையில் இது 10 கோடி முதலீடு, 50 கோடி விற்றுமுதல் என்றும், 2025 ஏப்ரலில் 25 கோடி முதலீடு, 100 கோடி விற்றுமுதல் என்றும் உயர்ந்தது. எல்லை விரியும்போது, 25 விழுக்காட்டுக்குப் போட்டியிடுவோரும் பெருகுகின்றனர். மிகச்சிறிய பட்டறை உரிமையாளருக்கு இது நற்செய்தி என்று சொல்வதற்கில்லை.

வாங்கி விற்கும் வணிகர்கள் 2021 முதல் உத்யம் பதிவு பெறலாமெனினும், அது வங்கிக் கடனுக்கான முன்னுரிமைக்கு மட்டுமே. கட்டுமானம் போன்ற பணி ஒப்பந்தங்களுக்கும் ஆணை பொருந்தாது என்று உயர்நீதிமன்றங்கள் கூறியுள்ளன. ஆணை பேசுவது பொருள்களையும் சேவைகளையும் பற்றியே.

மாநில எல்லை

சிறுதொழிலுக்கான சலுகை, உள்ளூர்த் தொழிலுக்கான சலுகையாக மாறும்போது நீதிமன்றங்கள் கண்டிப்புக் காட்டுகின்றன. ஸ்ரீ மகாவீர் எண்ணெய் ஆலைகள் எதிர் சம்மு காசுமீர் மாநிலம் (1996) வழக்கில், உள்ளூர்ச் சிறு எண்ணெய் ஆலைகளுக்கு முழு விற்பனை வரி விலக்களித்து, வெளிமாநில எண்ணெய்க்கு 8 விழுக்காடு வரி விதித்தது செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அது வரி பற்றியது. வாங்குநராக அரசு செயல்படுவது வேறு. எனினும் 2025 அக்டோபரில், சத்தீசுகர் மாநில அமைப்புகளுக்கு ஏற்கெனவே வழங்கியவர்களே தகுதியுடையோர் என்ற விளையாட்டுப் பொருள் ஒப்பந்தப்புள்ளி நிபந்தனையையும் உச்சநீதிமன்றம் நீக்கியது.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவில் "வேண்டும்" என்ற சொல்லே ஒரு வழக்கை முடித்தது. முன்னாள் படைவீரர்களின் சிறு நிறுவனங்கள் பற்றிய கிங்டம்வேர் டெக்னாலஜீஸ் (2016) வழக்கில், இரு தகுதியுள்ள சிறு நிறுவனங்கள் போட்டியிடும் என எதிர்பார்க்க இடமிருந்தால் ஒப்பந்தத்தை அவற்றுக்கே ஒதுக்கவேண்டும் என்று சட்டம் கூறுவதால், ஆண்டு இலக்கு நிறைவேறிவிட்டது என்ற காரணம் காட்டித் துறை விலக முடியாது என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இந்திய ஆணை ஆண்டு இலக்கை மட்டுமே கொண்டிருப்பதால், லைஃப்கேர் வழக்கில் முடிவு வேறாக அமைந்ததை இதனோடு ஒப்பிட்டுக் காணலாம்.

தென்னாப்பிரிக்காவில் சிறு நிறுவனங்களுக்கும் கறுப்பின மக்களின் நிறுவனங்களுக்கும் முன்தகுதி அளிக்க இடமளித்த 2017 ஆம் ஆண்டு விதிகளை அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் செல்லாதவை என அறிவித்தது. அங்கு குறை முன்னுரிமையில் இல்லை, அதனை வகுக்க நிதியமைச்சருக்குச் சட்டம் அதிகாரம் தரவில்லை என்பதில் இருந்தது. 2024 இல் அந்நாட்டில் புதிய பொதுக் கொள்முதல் சட்டம் இயற்றப்பட்டது.